உராயாசு 2011: வீடு உடையல, அப்படியே மண்ணுக்குள்ள இறங்கிருச்சு

டோக்கியோவுக்கு கிழக்கால ஒட்டினாப்புல, சிபா மாநிலத்துல உராயாசுன்னு ஒரு ஊர். டோக்கியோ டிஸ்னிலேண்ட் இருக்கிறது இங்கதான், பேருல டோக்கியோன்னு இருந்தாலும் அது டோக்கியோவுல இல்ல. நம்மாளுங்க நிறைய பேர் குடியிருக்கிற நிஷிகசாய்ல இருந்து தோஸாய் லைன்ல ரெண்டாவது ஸ்டேஷன். 2011 மார்ச் 11 மத்தியானம் 2:46-க்கு தோஹோகு கடல்ல 9.0 அளவுல பூகம்பம் வந்தப்போ மையம் இங்கருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருந்துச்சு, டிவி முழுக்க சுனாமியும் ஃபுகுஷிமாவும்தான் ஓடிச்சு, அதுக்கு நடுவுல உராயாசுல என்ன ஆச்சுன்னு வெளியில யாரும் பெருசா கவனிக்கல. அங்க வீடு எதுவும் இடிஞ்சு விழல. ஆனா 8,700 வீடு மாதிரி சேதக் கணக்குல வந்துச்சு, ஏறக்குறைய எல்லாமே லிக்விஃபாக்ஷன், அதாவது ஈர மணல் குலுங்கி திரவம் மாதிரி இளகிப்போறதால.

இந்த கேஸ நான் எடுக்குறதுக்கு காரணம், இளகுற மண்ணுல அஸ்திவாரம் இறங்காம தடுக்கிற அத்தனை வழியும் இங்க ஒரே ஊர்ல பக்கத்துல பக்கத்துல இருக்கு. முன்னாடியே மண்ண சரி பண்ணின இடம், பைல், அதாவது ஆழமா இறக்குற அஸ்திவாரத் தூண் போட்ட இடம், எதுவுமே பண்ணாத இடம், அப்புறம் வீடு கட்டி முடிச்சு ஆளு குடியிருக்கும்போது கீழ இருக்கிற மண்ண சரி பண்ண முயற்சி பண்ணி பாதியில நின்ன இடம். கடைசியா சொன்னதுதான் ரொம்ப முக்கியம், அதுக்கு வரேன்.

ஊரோட கதை

உராயாசு மொதல்ல மீனவ கிராமம். சிப்பி, நோரி கடல்பாசி இதுதான் பொழப்பு. 1960-கள் நடுவுல இருந்து கடல மூட ஆரம்பிச்சாங்க, 1980 வரைக்கும் ரெண்டு கட்டமா நடந்துச்சு, ஊரோட பரப்பு 4.43 சதுர கிலோமீட்டர்ல இருந்து 16.98-க்கு போச்சு. அதாவது இன்னைக்கு இருக்கிற ஊர்ல முக்கால்வாசி, ஒரு காலத்துல கடல். மூடுன விதம்தான் வம்பு: கடலடி மணலையும் சேறையும் பம்ப் வச்சு தண்ணியோட உறிஞ்சி குழாய் வழியா கொண்டாந்து கொட்டுறது. அப்படி தண்ணியோட வந்து விழுற மணல் தானா படியும், யாரும் ரோலர் விட்டு இறுக்க மாட்டாங்க, அதனால துகளுக்கும் துகளுக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி. சாயில் டெஸ்ட்ல சுத்தியல் அடி கணக்கு, எஸ்பிடி என் வேல்யூன்னு சொல்லுவோம்ல, அது குறைய குறைய மண்ணு தளர்வுன்னு அர்த்தம், இந்த லேயர்ல 5-ஐ ஒட்டியே, பல இடத்துல அதுக்கும் கீழ. ஒண்ணு ரெண்டு மீட்டர் தோண்டினாலே தண்ணி. அதுக்கும் கீழ பழைய கடலடி மணல், அதுக்கு கீழ ரொம்ப மெத்துனு களிமண் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு. இந்த களிமண்ண ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு நல்ல வழிய கெடுக்கப்போறது இதுதான்.

பூகம்பத்துக்கு அப்புறம் எடுத்த மேப்ப பாத்தா ஆச்சரியமா இருக்கும், பழைய கரை எங்க இருந்துச்சோ அந்த கோட்டோட லிக்விஃபாக்ஷன் நின்னு போச்சு. தோஸாய் லைன் ஸ்டேஷன் சுத்தி இருக்கிற பழைய ஊர் நல்லாவே இருந்துச்சு. கெயோ லைன் பக்கம், ஷின்-உராயாசு, மாய்ஹாமா இதெல்லாம் சேறு. தெருவுல சாம்பல் கலர் மணல் பொங்கி கார் டயர் மூழ்குற மாதிரி கிடந்துச்சு, மேன்ஹோல் தூண் மாதிரி ரோட்டுக்கு மேல எழும்பி நின்னுச்சு. தகாசு பகுதியில ஒரு பூங்காவுல பூகம்ப நேரத்துக்குன்னு பூமிக்கடியில தண்ணித்தொட்டி வச்சிருந்தாங்க, அந்த தொட்டியோட மேன்ஹோல் மேல எழும்பி வந்துருச்சு, அது துருத்திட்டு நின்னத இப்பவும் ஞாபகச்சின்னமா அப்படியே வச்சிருக்காங்க. பூகம்பத்துக்குன்னு வச்ச தொட்டிக்கே பூகம்பத்துல இந்த கதி, என்னத்த சொல்ல. வாரக்கணக்குல கழிவுநீர் போகல, ஜனங்க வீட்ல டாய்லெட் யூஸ் பண்ண முடியாம கஷ்டப்பட்டாங்க.

இன்னொன்னு, ஆட்டம் பெருசா இல்ல. தரை முடுக்கம் புவியீர்ப்புல அஞ்சுல ஒரு பங்கு கூட வரல. 1995-ல ஜப்பான்லயே கோபேல வந்த பூகம்பத்துல இத விட ரொம்ப ஜாஸ்தி, ஆனா அங்க பலமான ஆட்டம் 15-20 செகண்ட்ல முடிஞ்சிருச்சு. இங்க நிமிஷக்கணக்குல ஆடிக்கிட்டே இருந்துச்சு, அது போதாதுன்னு அரை மணி நேரத்துக்குள்ள 3:15-க்கு இபராகி கடல்ல இன்னொரு பெரிய பின்னதிர்வு. மொத ஆட்டத்துல மணலுக்குள்ள ஏறுன தண்ணி அழுத்தம் வடியறதுக்கு முன்னாடியே ரெண்டாவது வந்துருச்சு. ஆட்டத்தோட பலத்த மட்டும் வச்சு கணக்கு போடக்கூடாது, எத்தனை தடவை ஆடுதுன்னும் பாக்கணும்னு இந்த ஊர் காட்டிருச்சு.

இறங்குனது எப்படி

இங்க நிறைய பேர் குழப்பிக்கிற இடம் இருக்கு. இறக்கம்னு சொன்னா ஒண்ணு இல்ல, மூணு. மொதல்ல மண்ணு தானா அடங்குறது: படியில அரிசிய கொட்டி ஒரு குலுக்கு குலுக்கினா மட்டம் இறங்கும்ல, அது மாதிரி தளர்வான மணல் குலுங்கி நெருங்கி உக்காரும், நடுவுல இருந்த தண்ணி வெளிய வரும். இது கட்டடம் இருந்தாலும் இல்லாட்டியும் நடக்கும். ரெண்டாவது, மணலும் தண்ணியும் தரைய பொத்துக்கிட்டு மேல கொப்பளிக்கிறது, அப்படி வெளிய வந்த அளவுக்கு கீழ காலி. மூணாவதுதான் கட்டடத்துக்கே உரியது, இளகுன மண்ணு மேல நிக்கிற கனம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா மண்ண பக்கவாட்டுல பிதுக்கிட்டு உள்ள போறது. மாடி வீட்டுக்கும் அபார்ட்மெண்டுக்கும் பெரும்பாலும் இந்த மூணாவதுதான் முக்கிய வில்லன்.

ஆனா சாதாரண ரிப்போர்ட்ல என்ன பண்ணுவாங்க, சீட்-இட்ரிஸ்னு ஒரு கணக்கு முறையில ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி, அதாவது மண்ணோட தாங்கும் பலத்த ஆட்டத்தோட பலத்தால வகுத்த எண், போட்டு 1-க்கு கீழ இருக்கு, இளகும்னு எழுதிருவாங்க, மிஞ்சிப்போனா இஷிஹாரா-யோஷிமினே சார்ட்ட வச்சு மணல் எவ்வளவு அடங்கும்னு செ.மீ. கணக்கு போடுவாங்க. அது மொத வகை இறக்கம் மட்டும். வெட்டவெளி நிலத்துக்கு போட்ட கணக்கு. அத எடுத்து கட்டட இறக்கம்னு எழுதுறது என்னைக் கேட்டா ஏமாத்து வேலை, தெரியாம பண்ணாலும் சரி.

உராயாசு வீடுங்க பெரும்பாலும் ரெண்டு மாடி மர வீடு, அடியில முழு ஸ்லாப் அஸ்திவாரம், ஜப்பான்ல பெதாகிசோன்னு சொல்லுவாங்க, நம்ம ராஃப்ட் மாதிரி. கனமும் கம்மி. ஸ்லாப் நல்லா கெட்டியா இருந்ததால சுவர்ல ஒரு விரிசல் கூட இல்லாம வீடு முழுசா ஒரு பக்கம் சாஞ்சிருச்சு. வெளிய நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள போனா கதவு தானா திறக்கும், தரையில பந்து வச்சா ஒரு மூலைக்கு உருளும், ரெண்டு நாள் தங்குனா தலை சுத்தும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும். 100-க்கு 1 சாய்வுன்னா கேக்க சின்னதா இருக்கும், 10 மீட்டர் வீட்டுக்கு ஒரு பக்கம் 10 செ.மீ. தாழ்வு, அதுலயே மனுஷனுக்கு உடம்பு முடியாம போகும்.

சாய்ஞ்ச திசையிலயும் ஒரு ஒழுங்கு இருந்துச்சு. பக்கத்து பக்கத்துல நெருக்கமா இருக்கிற ரெண்டு வீடு ஒண்ண ஒண்ணு பாத்து சாயும். நாலு வீடு சேந்து இருந்தா நாலும் நடுவ பாத்து. ரெண்டு வீட்டோட கனமும் நடுவுல இருக்கிற மண்ணுல ஒண்ணு சேருது, அங்க அதிகமா இறங்குது, அவ்ளோதான். அதாவது உன் வீட்டு இறக்கம் உன் மண்ண மட்டும் பொறுத்தது இல்ல, பக்கத்து வீட்டுக்காரனையும் பொறுத்தது.

அரசாங்கத்துக்கும் இது புதுசா இருந்துச்சு. அதுவரைக்கும் சேத மதிப்பீட்டு விதி வீடு இடியறத மனசுல வச்சு எழுதுனது, சாய்வுன்னு பாத்தா 20-க்கு 1-ஐ தாண்டினாதான் கணக்கு. உடையாத, ஆனா குடியிருக்க முடியாத வீட்டுக்கு காசு கிடையாது. ஜனங்க சத்தம் போட்டதும் 2011 மே மாசமே விதிய மாத்தினாங்க: 20-க்கு 1-ம் அதுக்கு மேலயும் முழுச்சேதம், 60-க்கு 1 வரைக்கும் பெரிய அளவு அரைச்சேதம், 100-க்கு 1 வரைக்கும் அரைச்சேதம். ரெண்டே மாசத்துல ஒரு அரசாங்க அளவுகோல் மாறுனது பெரிய விஷயம்.

தப்பிச்சது யாரு

பைல் போட்ட உயர கட்டடம் எல்லாம் நின்னுச்சு, ஆழமா கெட்டி மண்ணு வரைக்கும் போன பைல். ஆனா கட்டடம் அப்படியே நிக்க சுத்தி இருக்கிற தரை 30 செ.மீ., சில இடத்துல இன்னும் ஜாஸ்தி இறங்கிருச்சு, அதனால வாசல்ல புதுசா படி வைக்க வேண்டியதாச்சு, தண்ணி, கேஸ், கழிவுநீர் குழாய் எல்லாம் கட்டடத்துக்குள்ள நுழையுற இடத்துல வெட்டுப்பட்டு போச்சு. பைல் கட்டடத்த காப்பாத்தும், கட்டடத்துக்கு வர்ற பைப்ப காப்பாத்தாது. இதுக்கு வளைஞ்சு குடுக்கிற ஜாயிண்ட் போட்டா போதும், பெரிய செலவு இல்ல, ஆனா டிசைன் பண்றப்போ யாருக்கும் ஞாபகம் வராது.

டிஸ்னிலேண்ட் இன்னும் நல்ல பாடம். 1983-ல திறக்குறதுக்கு முன்னாடியே பார்க் வர்ற இடத்துல சாண்ட் டிரெயின், அதாவது தண்ணி வடியறதுக்கு செங்குத்தா இறக்குற மணல் தூண், போட்டு மண்ண சரி பண்ணிட்டாங்க, பார்க்கிங் இடத்துக்கு அந்த அளவு பண்ணல. 2011-ல பார்க்குக்குள்ள பெருசா ஒண்ணும் ஆகல, பார்க்கிங்ல சேறு பொங்குச்சு. ஏப்ரல் 15-ஆம் தேதி திரும்ப திறந்துட்டாங்க. சாண்ட் டிரெயின் அடிப்படையில களிமண்ணுல இருந்து தண்ணிய சீக்கிரம் வடிக்கிறதுக்கு, லிக்விஃபாக்ஷனுக்குன்னு வந்தது இல்ல, ஆனா குழாய மண்ணுக்குள்ள அதிர்வோட இறக்கும்போது சுத்தி இருக்கிற மணலும் கொஞ்சம் இறுகிருது. 1995-ல கோபேல, கடல மூடி உருவாக்குன போர்ட் ஐலண்டுலயும் இதையேதான் பாத்தாங்க: எதுவும் பண்ணாத இடம் 30-ல இருந்து 50 செ.மீ. வரைக்கும் இறங்குச்சு, சாண்ட் டிரெயின் போட்ட இடம் அதுல பாதிக்கும் கம்மி, மணல் தூண அழுத்தி அழுத்தி இறக்குற சாண்ட் கம்பாக்ஷன் பைல் போட்ட இடம் கிட்டத்தட்ட இறங்கவே இல்ல. அதுக்கும் முன்னாடி 1964 நீகாதா பூகம்பத்துல அபார்ட்மெண்ட் மொத்தமா மல்லாந்து படுத்த ஃபோட்டோ எல்லாரும் பாத்திருப்பாங்க, ஆனா அதே நீகாதாவுல வைப்ரோஃப்ளோட்டேஷன், அதாவது அதிர்ற கருவிய மண்ணுக்குள்ள இறக்கி, இறுக்குன மண்ணு மேல நின்ன எண்ணெய் டேங்குங்க சில செ.மீ. மட்டும் இறங்குனத யாரும் ஷேர் பண்றது இல்ல. ஆக, மண்ண இறுக்குனா இறங்காதுங்குறது அம்பது வருஷமா தெரிஞ்ச சங்கதி.

அப்போ உராயாசு வீடுங்களுக்கு ஏன் பண்ணல? சின்ன வீட்டுக்கு அப்போ சட்டம் கேக்கல. பெரிய கட்டடத்துக்கு கேட்ட லிக்விஃபாக்ஷன் செக்க, சின்ன மர வீட்டுக்கு யாரும் கேக்கல. ஒரு குடியிருப்புல வீடு வாங்குனவங்க வித்த நிறுவனத்து மேல கேஸ் போட்டாங்க, 2014-ல டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிருச்சு, கட்டுன காலத்துல இவ்வளவு பாதிப்பு வரும்னு எதிர்பாக்க முடியாதுன்னு. சட்டப்படி சரியா இருக்கலாம். இஞ்சினியரா எனக்கு அது ஜீரணிக்கல, அதே ஊர்ல டிஸ்னிக்காரங்க பண்ணிருக்காங்களே.

கட்டுன வீட்டுக்கு கீழ

சாய்ஞ்ச வீட்ட நிமித்துறது ஒண்ணும் மந்திரம் இல்ல. வீட்டோட கனத்தையே எதிர்த்து தள்ள வச்சு ஜாக்கியால இரும்பு குழாய துண்டு துண்டா மண்ணுக்குள்ள இறக்கி, கெட்டி லேயர்ல போய் உக்காந்ததும் அது மேல வீட்ட தூக்குறது ஒரு வழி. இல்லன்னா அஸ்திவாரத்துக்கு கீழ பள்ளம் தோண்டி தட்டு வச்சு ஜாக்கி போடுறது, இல்லன்னா கிரவுட்ட, அதாவது இறுகுற சிமெண்ட் மாதிரி கரைசல, அழுத்தத்துல ஏத்தி ஸ்லாப்போட தூக்குறது, ரொம்ப சிக்கனமா பண்ணனும்னா ஸ்லாப்ப விட்டுட்டு மரச்சட்டத்த மட்டும் தூக்கி மட்டம் பண்றது. செலவு முறைய பொறுத்து பல மில்லியன் யென் வரைக்கும் போகும். ஆனா கவனிங்க, இதுல பெரும்பாலானது மட்டத்த சரி பண்ணுது, மண்ண இல்ல. அடுத்த பூகம்பத்துல அதே மணல் திரும்ப இளகும். ஒரு தடவை இளகி அடங்குன மணல் இனிமே இளகாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, தப்பு. 2010 செப்டம்பர்ல இளகுன நியூசிலாந்தோட கிறைஸ்ட்சர்ச் தெருவுங்க 2011 பிப்ரவரியில திரும்ப இளகுச்சு, ஜூன்ல மறுபடியும்.

அதனால உராயாசு நகராட்சி ஒரு பெரிய திட்டம் போட்டாங்க. அதுக்கு முன்மாதிரி கோபேல இருக்கு: மெரிகென் பார்க் ஓரியண்டல் ஹோட்டல்னு ஒண்ணு, மூணு பக்கமும் தண்ணி, 1995 பூகம்பம் வந்தப்போ இன்னும் திறக்கவே இல்ல. அதுக்கு கீழ மண்ணோட சிமெண்ட்ட கலந்து கட்டம் கட்டமா பூமிக்கடியில சுவர் எழுப்பி இருந்தாங்க. சுத்தி இருந்த கரைச்சுவர் தெற்குல 2 மீட்டர், மேற்குல 1 மீட்டர் கடல் பக்கம் நகந்து போச்சு, ஹோட்டலுக்கும் அதோட பைலுக்கும் ஒண்ணும் ஆகல. தத்துவம் எளிமை: மண்ணு இளகணும்னா அது பக்கவாட்டுல திரும்ப திரும்ப நெளியணும், நாலு பக்கமும் கெட்டிச் சுவர் போட்டு அந்த நெளிவ குறைச்சா உள்ள தண்ணி அழுத்தம் ஏறாது. மண்ண இறுக்கவே தேவையில்ல. கட்டத்தோட அகலம் இளகுற லேயரோட ஆழத்துல 0.8 மடங்குக்குள்ள இருக்கணும்ங்குறது பொதுவா சொல்ற கணக்கு.

இதே கட்டத்த வீட்டு மனை எல்லைய ஒட்டி, ஒவ்வொரு வீட்டையும் ஒரு கட்டத்துக்குள்ள அடக்கி, ரோட்டு ஓரத்தையும் சேத்து ஏரியா முழுக்க போடலாம்ங்குறதுதான் ஐடியா. ரோட்டுப் பகுதிக்கு அரசு காசு, வீட்டுக்காரங்க பங்கு கொஞ்சம். வீட்ட இடிக்க வேண்டாம், குடியிருக்கும்போதே பண்ணலாம். ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கிற சந்துல நுழையுற மாதிரி சின்ன மெஷின் வேணும், ஏன்னா வழக்கமா மண்ணக் கலக்குற பெரிய மெஷின் அங்க திரும்பக்கூட முடியாது. மனை அகலம் 10 மீட்டருக்கு மேல, இளகுற லேயரும் ஏறக்குறைய அதே ஆழம்னா 0.8 கணக்கு இடிக்குது, அதனால மாடல் டெஸ்ட்டும் கம்ப்யூட்டர் அனாலிசிஸும் பண்ணி, சின்ன வீட்டுக்கு இந்த அளவு போதும்னு நிரூபிச்சு கொண்டாந்தாங்க.

இஞ்சினியரிங் பக்கம் எல்லாம் ஓகே. மாட்டுனது கையெழுத்துல. அரசு விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல, 10 வீட்டுக்கு மேல, மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சா போதும். ஆனா கட்டச் சுவர் ரெண்டு வீட்டுக்கும் பொது, நடுவுல ஒருத்தர் வேணாம்னா அங்க கட்டம் உடையுது, பக்கத்து வீட்டு பாதுகாப்பும் போகுது, அதனால உராயாசுல ஏரியாவுல இருக்கிற எல்லாருமே சம்மதிக்கணும்னு வச்சாங்க. வயசானவங்க இனிமே எனக்கு எதுக்குன்னாங்க, ஏற்கனவே சொந்த காசுல பைல் இறக்கி நிமித்துனவங்க நான் ஏன் ரெண்டாவது தடவை கட்டணும்னாங்க, தோட்டத்தையும் காம்பவுண்டையும் பிரிக்க மனசு வராதவங்க வேற. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. 4,000-க்கும் மேல வீடுன்னு ஆரம்பிச்ச பேச்சு சில நூறுல வந்து நின்னுச்சு. 2016 கடைசியில வேலை தொடங்குனாங்க, தொடங்குனதும் மண்ணுக்குள்ள இருந்து புது வம்பு: கடல மூடுன காலத்துல களிமண்ண சீக்கிரம் அடங்க வைக்க இறக்கியிருந்த வடிகால் பட்டைங்க, பேப்பர் டிரெயின்னு சொல்லுவாங்க, மண்ண கலக்குற மெஷின்ல சுத்திக்கிச்சு, தூண் ஒழுங்கா உருவாகல. வேலை நாள் இழுத்துச்சு, செலவு ஏறுச்சு, சம்மதிச்சவங்களும் ஒவ்வொருத்தரா விலகினாங்க. கடைசியில முழுசா முடிஞ்சது 33 வீடு.

மெத்தட் ஃபெயில் ஆகலங்க. ஹோட்டல்ல ஒரே முதலாளி, காலி மனை, ஒரே கையெழுத்து. இங்க நூத்துக்கணக்கான முதலாளி, குடியிருக்கிற வீடு, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி யாரோ மண்ணுக்குள்ள விட்டுட்டுப் போன பட்டை. ஒரே டெக்னிக் ரெண்டு இடத்துல ரெண்டு தலையெழுத்து.

இதே பூகம்பத்துல இளகுன இபராகியோட இதாகோ, காமிசு ஊர்ல வேற வழி போனாங்க. ரோட்டுக்கு கீழ ஓட்டை போட்ட வடிகால் குழாய் பதிச்சு நிலத்தடி நீர 3 மீட்டர் வாக்குல கீழ இறக்குறது. மேல காஞ்ச மண்ணு இளகாது, அந்த கெட்டி மேலடுக்கு தடிமனா இருந்தா கீழ இளகினாலும் வீடு வரைக்கும் பாதிப்பு ஏறாது, இஷிஹாரா 1985-லயே வரைஞ்சு காட்டுனதுதான். வீட்டுக்குள்ள கை வைக்க வேண்டியதே இல்ல, வேலை எல்லாம் தெருவுல, அதனால ஜனங்க சம்மதிச்சாங்க. உராயாசுல ஏன் பண்ணல? மேல சொன்ன களிமண்ணுதான். தண்ணிய இறக்குனா களிமண்ணு மேல கனம் கூடும், வருஷக்கணக்குல மெதுவா இறங்கும், வராத பூகம்பத்துக்கு பயந்து வந்துக்கிட்டே இருக்கிற இறக்கத்த வாங்குன கதை ஆகும்.

சரி, ஒரு காலி மனை இருக்கு, மண்ணு தளர்வான மணல், தண்ணி மேல இருக்கு, ரெண்டு மாடி வீடு, என்ன பண்ணலாம்னு கேட்டா என் வரிசை இது. மனை விசாலமா, அதிர்வு தாங்குற பக்கத்து வீடுங்களா இருந்தா மண்ண இறுக்குறதுதான் மலிவு, சாண்ட் கம்பாக்ஷனோ ஜல்லித் தூணோ எது அந்த ஊர்ல மெஷின் கிடைக்குதோ அது. ஆனா நைஸ் மண்ணு, வண்டல் ஜாஸ்தின்னா இறுக்கம் சரியா பிடிக்காது, பண்ணின பிறகு திரும்ப எஸ்பிடி எடுத்து பாக்காம பில் பாஸ் பண்ணாதீங்க. நெருக்கமான இடம்னா சிமெண்ட் கலந்த கட்டம், மனை ஒருத்தருதா இருக்கிறப்போ அத போட எந்த கையெழுத்தும் வேணாம். கட்டத்துக்கு காசு இல்லன்னா கெட்டியான, முழுசா ஒண்ணா நகர்ற ஸ்லாப், கனத்த ஒரு பக்கம் குவிக்காத பிளான், ஓரத்துல ஜாக்கி வைக்க இடம் விட்ட அஸ்திவாரம். சாஞ்சாலும் உடையாம சாயும், திரும்ப தூக்கிக்கலாம். ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனி அஸ்திவாரம் (ஃபுட்டிங்) மட்டும் வேண்டவே வேண்டாம், ஒண்ணு 5 செ.மீ. இன்னொன்னு 15 செ.மீ. இறங்குச்சுன்னா எந்த ஜாக்கியும் அந்த ஃபிரேம காப்பாத்தாது. அப்புறம் வெளிய இருந்து வர்ற ஒவ்வொரு பைப்புக்கும் வளையுற ஜாயிண்ட், இதுக்கு மட்டும் யாரும் காசு இல்லன்னு சொல்லாதீங்க.